ஆயுத பூஜைக்கு ஊற்றிய பெட்ரோல்

துடியலூரில் பழனியாத்தாளைப் பொறாமைக்காரி என்பார்கள். சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் கொள்ளுப் பருப்பு நன்றாக இருந்ததென்று அவள் புருஷன் சென்னியப்பன் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்று தொடங்கி அந்த வீட்டில் மூன்று வேளையும் கொள்ளு. கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல், கொள்ளுப் பருப்பு. குதிரையாக இருந்தால்கூட ஒரு கட்டத்தில் போதும் என்று தலையை ஆட்டியிருக்கும். "உன்ர கைப்பக்குவம் ஊருல ஆருக்கு வரும் புள்ள" என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் கொள்ளுப் பானை பரணுக்குப் போனது.

மற்றபடி அவளைக் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. இரண்டு மாடு வைத்து, தானே கறந்து, தண்ணீர் கலக்காமல் வீடு வீடாக ஊற்றுகிறவள். மேட்டுப்பாளையம் ரோட்டோரம் தகரக் கொட்டகையில் சென்னியப்பனின் கார் பட்டறை. மதியச் சோற்றை அவளே தூக்குப்போசியில் கொண்டுபோவாள். சோறு ஆறிவிடக்கூடாது என்பது ஒரு காரணம். பட்டறைக்கு எந்தப் பெண்பிள்ளை கார் கொண்டுவந்திருக்கிறாள் என்று பார்ப்பது இன்னொரு காரணம்.

சாயங்காலம் அவருடைய டிவிஎஸ் ஃபிப்டி சந்து முனையில் திரும்பும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். அந்த ரோட்டில் எத்தனையோ டிவிஎஸ் போகும், வரும். எல்லாம் ஒரே மாதிரிதான் அலறும். ஆனால் தன் வீட்டு வண்டி எது என்பதில் அவளுக்குத் தவறு வந்ததில்லை. அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து நிற்பாள். அவர் இறங்கியதும் சட்டையை வாங்கி ஒரு மோந்து பார்ப்பாள். கிரீஸ், டீசல், வேர்வை. எல்லாம் சரியாக இருந்தால் உள்ளே விடுவாள்.

இத்தனை காவலுக்கும் காரணம் ஒன்றுதான். சென்னியப்பனுக்கு ஒரு மாமன் மகள் இருந்தாள். பெயர் ராமாமணி. அவளைத்தான் அவருக்குக் கட்டுவதாகப் பேச்சு. கடைசியில் மாமன், மெக்கானிக்குக்குக் கொடுப்பானேன் என்று பெரியநாயக்கன்பாளையத்தில் பவுண்டரி வைத்திருந்த பாலுசாமிக்குக் கொடுத்துவிட்டார். அதன் பிறகுதான் காரமடைப் பக்கமிருந்து பழனியாத்தாள் வந்தாள். கல்யாணத்தன்றே யாரோ ஒரு புண்ணியவதி, "மாமன் பொண்ணு அமைஞ்சிருந்தா உனக்கு இந்த ஊடு ஏதுடி" என்று காதில் போட்டுவிட்டுப் போனாள். சொன்னவள் மறந்திருப்பாள். கேட்டவள் மறப்பாளா? ராமாமணியை அவள் ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை. பார்க்காத முகத்தை எப்படி வேண்டுமானாலும் அழகாக்கிக்கொள்ளலாம் அல்லவா? அவள் ஆக்கிக்கொண்டாள்.

தொண்ணூற்றாறாம் வருடம், தை மாதம். பட்டறைக்குப் பக்கத்து எஸ்டிடி பூத்துக்காரர் ரோடு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"சென்னியண்ணா! பெரியநாயக்கன்பாளையத்துல இருந்து போனுங்க! ராமாமணின்னு ஒரு அம்மணி!"

தூக்குப்போசியோடு ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்த பழனியாத்தாள் அப்படியே நின்றாள். ஒரு பஸ்காரன் திட்டிவிட்டுப் போனான். சோறு கொடுக்கும்போது அவள் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் வரை வைத்திருந்து, வட்டியோடு கேட்டாள்.

"ஏனுங்க, உங்க அம்மணி என்ன சொன்னாங்க?"

"என்ன அம்மணி? ஓ, அதா. பாலுசாமி அண்ணன் செத்து நாலஞ்சு வருசம் ஆச்சில்ல? அவரு பியட்டு காரு அப்ப இருந்து செட்டுலயே நிக்குதாம். பொண்ணு லோகப்பிரியாவுக்குக் கல்யாணம் கூடியிருக்குது. அதுக்குள்ள வண்டியை ஓட்டிப் பாக்கோணுமாம். வந்து பாருங்க மச்சான்னு சொல்லுச்சு."

"பெரியநாயக்கன்பாளையத்துல மெக்கானிக்குக்குப் பஞ்சமுங்களா?"

"மாமன் பொண்ணு கூப்பிட்டா எப்படிப் புள்ள போகாம இருக்கறது?"

"அதைத்தானுங்க நானும் சொல்றேன்" என்றாள் பழனியாத்தாள். மாமன் மகள் இப்போது தனி ஆள். கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது என்கிறார் புருஷன். இதற்குப் பிறகு ஒருத்திக்குச் சோறு இறங்குமா?

ஞாயிற்றுக்கிழமை அவர் போனார். திரும்பி வந்தபோது சட்டையில் ஒரு புது நாற்றம். பெட்ரோல் அவளுக்குத் தெரியும். இது பெட்ரோல் இல்லை. பழைய பெயிண்ட் டப்பாவைத் திறந்த மாதிரி, புளித்து, மூக்கை அறுத்தது.

"என்னங்க வாசம் இது?"

"கெட்டுப்போன பெட்ரோலு. அந்தக் கூத்தைக் கேளு" என்று சென்னியப்பன் உட்கார்ந்தார். "நிறுத்தி வெச்ச வண்டியில பெட்ரோலு இருந்தா நாளாவட்டத்துல கெட்டுப் பிசினாயிரும். அதைக் காலி பண்ணிட்டு நிறுத்தியிருக்கோணும். இந்த அம்மணி என்ன பண்ணியிருக்குது தெரியுமா? வருசா வருசம் ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவி, பொட்டு வெச்சு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு, ஒரு கேன் புதுப் பெட்ரோலை டேங்குல ஊத்தியிருக்குது. சாமி விளக்குக்கு எண்ணெய் ஊத்தற மாதிரி! வண்டியை ஒரு தடவையாச்சும் கிளப்பியிருக்கோணுமில்ல? அதுங்கூட இல்ல. பழசு கெட்டுக் கிடக்குது, அது மேலயே புதுசு, அதுவும் கெட்டு, அது மேல இன்னொண்ணு."

"கழுவாத சட்டியில பாலைக் கறந்த மாதிரி" என்றாள் பழனியாத்தாள் தன்னையறியாமல்.

"அதேதான்! பாவம், அதுக்கு என்ன தெரியும்."

அந்தப் 'பாவம்' வந்து அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஒரு நாள் பால் திரிந்துபோனால்கூட அவளுக்கு யாரும் பாவம் பார்த்ததில்லை. ஐந்து கேன் பெட்ரோலைப் பாழாக்கியவளுக்குப் பாவமா?

"என்னை என்னிக்காச்சும் அம்மணின்னு கூப்பிட்டிருக்கீங்களா நீங்க?"

"கட்டுன பொண்டாட்டியை ஆராச்சும் அம்மணிம்பாங்களா?" என்று சிரித்துவிட்டு அவர் குளிக்கப் போனார். அந்தச் சட்டையை அவள் மூன்று முறை சோப்புப் போட்டுத் துவைத்தாள். நாற்றம் போகவில்லை. அவள் வயிற்றெரிச்சலும் போகவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் டிவிஎஸ்ஸை எடுக்கும்போது, அவள் தலை வாரி, நல்ல சேலை கட்டி, தூக்குப்போசியோடு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்க புள்ள?"

"நானும் வாரேன். உங்களுக்கு அங்க ஆரு சோறு போடுவாங்க?"

பதில் சொன்னால் வம்பு என்று தெரிந்தவர் வண்டியைக் கிளப்பினார்.

பவுண்டரியை ஒட்டிய பெரிய வீடு. வாசலுக்கு வந்த ராமாமணியைப் பார்த்துப் பழனியாத்தாள் திகைத்துப்போனாள். தான் மனதில் வளர்த்து வைத்திருந்த அழகி இவள் இல்லை. மெலிந்த உடம்பு, சாயம் போன வாயில் சேலை, கண்ணுக்கடியில் கருப்பு. அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். இல்லை. அழகாக இருந்தால் ஆசை வரும், இப்படி இருந்தால் இரக்கம் வரும். ஆசையாவது போய்விடும், இரக்கம் போகாது. பொறாமைக்காரிக்கு எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்துதான்.

"வாங்க தங்கச்சி" என்றாள் ராமாமணி.

முறை சரிதான். மாமன் மகளும் கட்டிய பெண்டாட்டியும் அக்கா தங்கைதான். ஏன் அக்கா தங்கை? இரண்டு பேருக்கும் அவர்தான் கட்டிக்கொள்ளும் முறை, அதனால். அப்படியானால் அதற்கு இன்னொரு பெயர் சக்களத்தி இல்லையா? ஒரு வரவேற்பில் இவ்வளவையும் கண்டுபிடித்துவிட்டு, "வாரேனுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள் பழனியாத்தாள்.

ஷெட்டில் பியட் பழுப்பு நிறத்தில் நின்றது. நெற்றியில் போன ஆயுத பூஜையின் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. போன வாரமே சென்னியப்பன் டேங்கில் இருந்ததைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்திருந்தார். இன்றைக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். ரப்பர் ஓஸைக் கையால் மடக்கினார். முறுக்கு மாதிரி ஒடிந்தது. பெட்ரோல் பம்பைப் பிரித்தார். உள்ளே இருந்த தோல் விறைத்துப் போயிருந்தது. கார்புரேட்டரைத் திறந்தார், அடியில் வெல்லப்பாகு காய்ந்து ஒட்டின மாதிரி ஒரு படிவம், ஊசி முனைத் துளைகளெல்லாம் அடைத்துக் கிடந்தன.

"நல்லவேளை, சாவியைப் போட்டு உருட்டலீங்க அம்மணி. உருட்டியிருந்தா இந்தக் கசடெல்லாம் எஞ்சினுக்குள்ள போயிருக்கும்" என்றார்.

நல்லவேளையாம். அம்மணியாம். பழனியாத்தாள் தூணில் சாய்ந்து நின்று ஒவ்வொன்றையும் கணக்கு வைத்துக்கொண்டாள்.

டேங்குக்குள் துரு இருக்கிறதா என்று பார்க்க வெளிச்சம் வேண்டும். தீக்குச்சி கிழித்தால் எல்லோரும் சேர்ந்து மேலே போக வேண்டியதுதான். "ஒரு மூஞ்சி பாக்கற கண்ணாடி கொண்டாங்க. வெய்யிலைப் புடிச்சு உள்ள அடிக்கலாம்" என்றார் சென்னியப்பன். ராமாமணி தன் அறையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்துவந்தாள். அதன் ஓரத்தில் மூன்று நான்கு ஒட்டுப் பொட்டுகள், மெரூன் நிறம், பழசானதில் விளிம்பு சுருண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. புருஷன் போய் இத்தனை வருடம் கழித்தும் அவள் அதைப் பிய்த்து எறியவில்லை. ஏன் எறியவில்லை? யாருக்காக வைத்திருக்கிறாள்? பழனியாத்தாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

டேங்குக்குள் துரு செதில் செதிலாக இருந்தது. சென்னியப்பன் அதைக் கழற்றி இறக்கினார். கொஞ்சம் மண்ணெண்ணெய், இரண்டு கை பொடி ஜல்லி உள்ளே போட்டு மூடினார்.

"இதை ரெண்டு பேரு ரெண்டு பக்கம் புடிச்சு, தொட்டில் ஆட்டற மாதிரி ஆட்டோணும். கல்லு உருண்டு துருவைத் தேய்ச்சு எடுத்துரும். நான் கார்புரேட்டரைப் பாக்கறேன்" என்று மர நிழலுக்குப் போய்விட்டார். ஆண்பிள்ளைகளுக்கு எதை எங்கே விட்டுவிட்டுப் போகிறோம் என்கிற சுரணை இருக்காது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டு பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்து டேங்கைப் பிடித்து ஆட்டினார்கள். உள்ளே ஜல்லி கடகடவென்று உருண்டது. இங்கே பேசுவது மர நிழலுக்குக் கேட்காது. அந்தச் சத்தம் கொடுத்த தைரியத்தில் பழனியாத்தாள் கேட்டுவிட்டாள்.

"ஓடாத வண்டிக்கு எதுக்குங்க வருசா வருசம் பெட்ரோலு ஊத்துனீங்க? இத்தனை வருசம் சும்மா இருந்துபோட்டு இப்ப எதுக்கு எங்கூட்டுக்காரரைக் கூப்பிட்டீங்க?"

ராமாமணி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். ஆட்டுவதை நிறுத்தவில்லை.

"இந்த வண்டி முந்தி எங்க நிக்குமுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா தங்கச்சி?"

"எங்க?"

"கருமத்தம்பட்டியில. சாமியாத்தாள்னு ஒருத்தி. தறி போட்டிருக்கறா. இந்த வண்டி அவ ஊட்டு முன்னால நின்னா எங்கூட்டுக்காரரு உள்ள இருக்கறாருன்னு ஊருக்கே தெரியும். எனக்குத்தான் கடைசியாத் தெரிஞ்சுது."

சென்னியப்பன் ஸ்பேனர் எடுக்க இந்தப் பக்கம் வந்தார். இருவர் கைகளும் நின்றன. பேச்சும் நின்றது. அவர் போனதும் டேங்க் மறுபடி ஆடியது.

"சாவும் அங்கதானுங்க வந்துச்சு. வண்டியைக் கொண்டாந்து இங்க உட்டுட்டுப் போனாங்க. அந்த மனுசனை என்ர ஊட்டுல நிறுத்த எனக்கு ஏலாமப் போச்சு. வண்டியாச்சும் இங்கயே நிக்கட்டும், எங்கயும் போகவேண்டாமுன்னு பூட்டிப்போட்டேன். ஆனாலும் பட்டினி போட மனசு வல்லீங்க. நீ இந்த ஊட்டு வண்டி, உனக்கு ஊத்தறவ நாந்தான்னு சொல்லிச் சொல்லித்தான் ஊத்துவேன்."

"அப்பக் கல்யாணத்துக்குன்னு சொன்னது?"

"கல்யாணம் நெசந்தானுங்க. அதுக்கு மாப்பிள்ளை ஊட்டுல மாருதி இருக்குது. இந்த வண்டியை ஆரு தேடறா? பொண்ணு போன பொறவு இதை வித்துப்போடுவேன். அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை, முன் சீட்டுல உக்காந்து, அவ ஊட்டு வாசலைத் தாண்டிப் போகோணும். அவ பாக்கோணும். அவ்வளவுதானுங்க. வெளி டிரைவரைக் கூட்டிட்டுப் போனா ஊரெல்லாம் சொல்லுவான். மச்சான் சொல்லமாட்டாரு."

பழனியாத்தாள் பொறாமையில் பழம் தின்று கொட்டை போட்டவள். ஆனால் செத்துப்போன புருஷன்மேல், ஓடாத காரைப் பூட்டி வைத்துக்கொண்டு, இத்தனை வருடம் அணையாத ஒரு பொறாமையை அவள் பார்த்ததில்லை. தன்னுடையது ஆழாக்கு என்றால் இது மரக்கால். அவளுக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது; கொஞ்சம் பயமும் வந்தது. தன் மடியில் இருந்த கனம் முழுக்க இறங்கிவிட்டதென்று சொல்ல முடியாது. ஆனால் கை தானாக வேகமாக ஆட்டியது.

"வாயில் சேலையில போகக்கூடாதுங்க" என்றாள்.

"ம்?"

"பட்டு கட்டோணும். வண்டி மெதுவாப் போகோணும். நீங்க திரும்பி அவளைப் பாக்கக் கூடாது. நேராப் பாத்துட்டு உக்காந்துக்கோணும். அவதான் பாக்கோணும். அப்பத்தான் எரியும்."

ராமாமணி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபோதுதான் அவள் ஒரு காலத்தில் அழகாக இருந்திருப்பாள் என்று தெரிந்தது. பழனியாத்தாளுக்கு அது பிடிக்கவில்லை.

"நானும் வருவேன்" என்று சேர்த்துக்கொண்டாள்.

டேங்க் கழுவிக் காயவைக்கப்பட்டது. புது ஓஸ் வந்தது, பம்புக்குப் புதுத் தோல் வந்தது. அதற்கடுத்த ஞாயிறு எல்லாம் பூட்டி, சென்னியப்பன் கொஞ்சம் புதுப் பெட்ரோலை ஊற்றி, எங்கும் சொட்டுகிறதா என்று ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்த பிறகே சாவியைத் திருப்பினார். முதல் தடவை இருமியது. இரண்டாம் தடவை தும்மியது. பிறகு ஷெட் முழுக்கப் புகையைக் கக்கிவிட்டு, பியட் அடித்தொண்டையில் ஒரு கரகரப்போடு ஓடத் தொடங்கியது. ராமாமணி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

கருமத்தம்பட்டிக்கு எதற்கு என்று சென்னியப்பன் கேட்டார். "வண்டியை நீட்டா ஒரு ஓட்டு ஓட்டிப் பாக்க வேண்டாமுங்களா?" என்றாள் பழனியாத்தாள். அவருக்கு அது நியாயமாகப் பட்டது.

அரக்குப் பட்டில் வந்த ராமாமணி பழக்கதோஷத்தில் பின் கதவைத் திறந்தாள். பியட்டின் முன் சீட்டு ஒரே நீளப் பலகை. இடையில் தடுப்பு ஒன்றும் கிடையாது. அதில் தன் புருஷன் பக்கத்தில் இன்னொருத்தியா? வருகிற வழியெல்லாம் பழனியாத்தாள் ஒரு முடிவோடுதான் வந்தாள்: முந்திக்கொண்டு தான் முன்னால் ஏறிவிடுவது என்று. முன் கதவில் கையும் வைத்துவிட்டாள்.

"நான் பின்னாலயே உக்காந்துக்கறனுங்க தங்கச்சி" என்றாள் ராமாமணி மெதுவாக. "எங்கூட்டுக்காரரு என்னைய எப்பவும் பின்னாலதான் ஏத்துவாரு. முன்னால உக்காந்ததே இல்லீங்க."

பழனியாத்தாள் கதவைப் பிடித்தபடி நின்றாள். பிடித்த கை விட மறுத்தது. பிறகு கதவை அகலத் திறந்து, வெடுக்கென்று சொன்னாள்.

"வந்து ஏறுங்க. இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்."

பின்னால் ஏறி நட்ட நடுவில் உட்கார்ந்தாள். அங்கிருந்துதான் டிரைவர் கண்ணாடியில் சென்னியப்பனின் கண் நன்றாகத் தெரியும். துடியலூர் தாண்டி, சரவணம்பட்டி தாண்டி, அவிநாசி ரோட்டைப் பிடிக்கும் வரை அந்தக் கண் இடது பக்கம் திரும்புகிறதா என்று இமைக்காமல் பார்த்தாள். அது ரோட்டைத்தான் பார்த்தது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அவர் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு வந்தார்.

கருமத்தம்பட்டியில் அந்தத் தெருவுக்குள் திரும்பியதும் இரண்டு பக்கமும் தறிச் சத்தம். தடக்தடக்கென்று வீட்டுக்கு வீடு. காருக்குள் ஒருவர் பேசினால் இன்னொருவருக்குக் கேட்காது. ராமாமணி முந்தானையைச் சரிசெய்து, சொல்லிக்கொடுத்தபடி நேராகப் பார்த்து உட்கார்ந்தாள். "அந்தப் பச்சைக் கதவு. மெதுவாப் போங்க மச்சான்" என்று கத்திச் சொன்னாள்.

பச்சைக் கதவுக்கு வண்டி இன்னும் போய்ச் சேரவில்லை. கதவு திறந்தது.

ஒரு பெண் ஓடிவந்தாள். நரை ஏறிய தலையில் பஞ்சுத் தூசி. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள். அத்தனை தறிச் சத்தத்துக்குள் இந்த ஒரு சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. முகமெல்லாம் சிரிப்பு. அவர் செத்துப்போனார் என்பது அவள் காலுக்குத் தெரியவில்லை. முகத்துக்குத் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. தெரிந்ததும் அந்தச் சிரிப்பு போக இடமில்லாமல் முகத்திலேயே நின்றது. கையை மட்டும் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ராமாமணி நேராகப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"போங்க மச்சான். நிறுத்தாதீங்க."

வண்டி அவிநாசி ரோட்டுக்கு வந்தது. பிறகு ராமாமணி திரும்பாமலே சொன்னாள். குரலில் பொறாமை அப்படியே இருந்தது. ஆனால் இப்போது அது கார் யார் வீட்டில் நின்றது என்கிற பொறாமை இல்லை.

"நான் ஒரு நாளும் அப்படி வாசலுக்கு ஓடியாந்ததில்லீங்க தங்கச்சி. எங்க வரப்போறாருன்னு படுத்துக்குவேன்."

பழனியாத்தாள் கண்ணாடியில் பார்ப்பதை எப்போதோ விட்டிருந்தாள். தன் மடியில் கிடந்த இரண்டு கைகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் அடுப்படியில் இருந்தாள். ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்த நேரம். சந்து முனையில் டிவிஎஸ் திரும்பியது. எழுந்திருக்கக் கூடாது என்று நினைத்தாள். ஏதோ அபசகுனம் போல இருந்தது. ஒரு நாள் அந்தச் சத்தம் வராமல் போய்விட்டால் என்ற நினைப்பு முதல் தடவையாக வந்தது. இத்தனை வருடமும் யாராவது ஒருத்தி அவரைக் கொண்டுபோய்விடுவாள் என்றுதான் பயந்திருந்தாள். ஒருத்தியும் இல்லாமலே போகலாம் என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை. நினைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றிருந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சென்னியப்பன் இறங்கி, வழக்கம்போலச் சட்டையைக் கழற்றி நீட்டினார். அவள் வாங்கினாள். மோந்து பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன புள்ள, இப்படி ஓடியாந்து நிக்கறே? என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் பழனியாத்தாள். "வண்டிச் சத்தம் கேட்டுது."